பத்து லட்சம் லைசென்ஸ், பதினேழு நாற்காலி

நியூயார்க் மாநிலத்தில் நர்ஸ் வேலை பார்க்கவும், மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கவும், கட்டட வரைபடத்தில் பொறியாளராகக் கையெழுத்துப் போடவும் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவுக்குக் கீழேதான் லைசென்ஸ் வாங்க வேண்டும். அந்தக் குழுவில் உட்காருவது யார், அவர்களை உட்கார வைப்பது யார்?

ஆல்பனி, நியூயார்க் மாநிலத்தின் தலைநகரம். அங்கே வாஷிங்டன் அவென்யூவில், 36 பெரிய தூண்கள் வரிசைகட்டி நிற்கும் கல்வித்துறைக் கட்டடம் 1912இல் திறக்கப்பட்டது. ஆண்டின் பெரும்பாலான மாதங்களில் 17 பேர் கூட்டத்துக்காக இங்கே வந்து சேர்கிறார்கள். சம்பளம் கிடையாது, வந்துபோகும் செலவு மட்டும் கிடைக்கும். இவர்களுக்கு ரீஜெண்டுகள் என்று பெயர். இவர்கள் ஆளுவது ‘யுனிவர்சிட்டி ஆஃப் தி ஸ்டேட் ஆஃப் நியூயார்க்’ என்ற பல்கலைக்கழகத்தை. நம் பிள்ளைகள் மேற்படிப்புக்குப் போகும் பஃபலோ, ஸ்டோனி புரூக் வளாகங்கள் அடங்கிய ‘ஸ்டேட் யுனிவர்சிட்டி ஆஃப் நியூயார்க்’ வேறு. அது 1948இல் பிறந்தது. இதற்கு அதைவிட 164 வயது கூடுதல்.

இந்தப் பழைய பல்கலைக்கழகத்துக்கென்று தனியாக வகுப்பறையோ பேராசிரியரோ இல்லை. மாநிலத்தின் பள்ளிகள், கல்லூரிகள், கொலம்பியா, கார்னெல் போன்ற தனியார் பல்கலைக்கழகங்கள், நூலகங்கள், அருங்காட்சியகங்கள் எல்லாமே சட்டத்தின் பார்வையில் இதன் உறுப்புகள். இவற்றோடு சேர்ந்து 50க்கும் மேற்பட்ட தொழில்களின் லைசென்ஸும் இதன் கையில் இருக்கிறது. டாக்டர், பல் டாக்டர், நர்ஸ், பார்மசிஸ்ட், பொறியாளர், ஆர்க்கிடெக்ட், கணக்குத் தணிக்கையாளர், பிசியோதெரபிஸ்ட், கால்நடை மருத்துவர் என்று பட்டியல் நீள்கிறது. லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். வக்கீல்கள் இதில் சேரமாட்டார்கள், அவர்களுக்கு நீதிமன்றம். முடிதிருத்துபவர்களும் வீட்டுத் தரகர்களும் வேறு துறையின் கீழ் வருகிறார்கள்.

ரீஜெண்டுகள் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலைப் புரட்டினால் இந்த அதிகாரம் எவ்வளவு சத்தமில்லாமல் நடமாடுகிறது என்று தெரியும். பள்ளித் தேர்வு, பாடத்திட்டம் என்று ஊரே பேசும் விஷயங்களுக்கு மணிக்கணக்கில் விவாதம் நடக்கும். ‘ஒப்புதல் பட்டியல்’ என்ற பகுதியோ ஒரே மூச்சில் நகரும். தொழில் வாரியங்களுக்கு உறுப்பினர் நியமனம், மறுநியமனம், ஒழுங்கு நடவடிக்கை வழக்குகள், லைசென்ஸ் கேட்டு வந்த விசேஷ மனுக்கள் எல்லாவற்றையும் கட்டாக வைத்து ஒரே வாக்கெடுப்பில் முடிப்பார்கள். ஒரு நர்ஸின் வேலை போவதும், வாரியத்தில் ஒருவருக்கு ஐந்தாண்டு நாற்காலி கிடைப்பதும் அந்த ஒரு வாக்கில் அடங்கிவிடும். நியமனமும் லைசென்ஸும் தனித்தனி விவகாரங்கள் என்று தோன்றலாம். வாரியத்தில் யார் உட்காருகிறார் என்பதே தொழிலுக்குள் யார் நுழைகிறார் என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த அமைப்பு புரியும்.

கிறிஸ்டின் ராஸின் காத்திருப்பு

1784 மே 1ஆம் தேதி நியூயார்க் சட்டமன்றம் ரீஜெண்டுகள் குழுவை உருவாக்கியது. பிரிட்டிஷ் காலத்துக் கிங்ஸ் கல்லூரியைக் கொலம்பியாவாக மாற்றி நடத்துவதுதான் அன்றைய நோக்கம். மூன்றே ஆண்டுகளில் அந்த ஏற்பாடு சரிவரவில்லை என்று தெரிந்தது. 1787இல் வந்த புதிய சட்டம் கொலம்பியாவுக்குத் தனி அறங்காவலர்களைக் கொடுத்து, ரீஜெண்டுகளை மாநிலம் முழுவதற்கும் மேற்பார்வையாளர்களாக்கியது. அமெரிக்க அரசியலமைப்பை வடித்தவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் ஹாமில்டன் ரீஜெண்டாக இருந்தார், அந்தச் சட்டத்தின் உருவாக்கத்திலும் அவர் கை இருந்தது.

லைசென்ஸ் அதிகாரம் நூறாண்டு கழித்துத்தான் வந்தது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் டாக்டர் என்று பலகை மாட்ட ஏதாவது ஒரு கல்லூரியின் டிப்ளமோ போதும். அந்தக் கல்லூரி எப்படிப்பட்டது என்று கேட்க ஆளில்லை. தகுதி பார்த்து டாக்டர்களுக்கு லைசென்ஸ் கொடுக்க மாநிலங்களுக்கு உரிமை உண்டு என்று 1889இல் ‘டெண்ட் எதிர் மேற்கு வர்ஜீனியா’ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே நியூயார்க் மாநிலத் தேர்வுக்குச் சட்டம் கொண்டுவந்து ரீஜெண்டுகளிடம் ஒப்படைத்தது. யாரைத் தேர்வாளராகப் போடுவது என்பதில் உடனே சிக்கல் எழுந்தது. அலோபதி, ஹோமியோபதி, மூலிகை வைத்தியத்தில் ஊறிய எக்லெக்டிக் என மூன்று தரப்பும் ஒன்றையொன்று நம்பவில்லை. ஆளுக்கொரு தேர்வு வாரியம் அமைத்துத்தான் சமாதானம் செய்தார்கள். அவை ஒரே வாரியமாக இணைய 1907 வரை ஆனது.

1896இல் கணக்குத் தணிக்கையாளர்களுக்கு இதே வழியில் சட்டம் வந்தது. ‘சிபிஏ’ என்று உலகம் முழுக்கப் புழங்கும் மூன்றெழுத்துத் தகுதிக்கு அமெரிக்காவில் முதலில் சட்டம் செய்த மாநிலம் நியூயார்க். சான்றிதழ் கொடுப்பவர்கள் ரீஜெண்டுகள். கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து வந்த கிறிஸ்டின் ராஸ் என்ற பெண் 1898 ஜூனில் அந்தத் தேர்வை எழுதி, முன்வரிசை மதிப்பெண்ணும் வாங்கினார். சான்றிதழ் மட்டும் வரவில்லை. ஒரு பெண்ணுக்கு இதைக் கொடுக்கலாமா என்பது அன்றைய ரீஜெண்டுகளுக்குத் தீராத கேள்வியாக இருந்தது. சட்டத்தில் ஆண் என்று எங்கும் சொல்லவில்லை, தேர்விலும் குறை இல்லை. ஆனாலும் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஓடியது. 1899 டிசம்பர் 21 அன்று 143ஆம் எண் சான்றிதழ் அவர் கைக்கு வந்தது. அமெரிக்காவின் முதல் பெண் சிபிஏ அவர். லைசென்ஸ் தரும் அமைப்பு ‘முடியாது’ என்று ஒருபோதும் சொல்லாமல், தாமதத்தாலேயே ஒருவரின் பிழைப்பை நிறுத்தி வைக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை. அந்தத் தாமதம் இன்றும் வேறு உருவத்தில் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆளுநருக்கு இங்கே வேலை இல்லை

ஆளுநரே வேந்தர் என்ற ஏற்பாட்டைப் பார்த்துப் பழகிய நமக்கு நியூயார்க்கின் முறை வியப்பாக இருக்கும். அங்கேயும் முதல் வேந்தர் ஆளுநர்தான், 1784இல் ஜார்ஜ் கிளிண்டன். இன்று ரீஜெண்டுகளை நியமிப்பதில் ஆளுநருக்குப் பங்கு இல்லை. அங்கே ஆளுநர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். அப்படியிருந்தும் அவருக்கு அந்த அதிகாரம் தரப்படவில்லை.

மாநிலத்தின் 13 நீதி மாவட்டங்களுக்கு ஒருவர் வீதம் 13 பேர், மாநிலம் முழுமைக்கும் பொதுவாக 4 பேர், ஆக 17. பதவிக்காலம் ஐந்து ஆண்டு. ஒரு காலத்தில் இது ஆயுள்காலப் பதவியாக இருந்தது. காலியிடத்துக்கு விண்ணப்பித்தவர்களைச் சட்டமன்றத்தின் கல்வி, உயர்கல்விக் குழுக்கள் நேர்காணல் செய்கின்றன. மார்ச் மாதத்தில் இரு அவைகளும் சேர்ந்து வாக்களிக்கின்றன. கீழவையில் 150 பேர், மேலவையான செனட்டில் 63 பேர். கூட்டிப் பார்த்தால் 213, வெற்றிக்கு 107. கீழவையில் பெரும் பலம் வைத்திருக்கும் கட்சிக்குச் செனட்டைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. 1975 முதல் அந்த அவை ஜனநாயகக் கட்சியின் கையில் இருக்கிறது. அரை நூற்றாண்டாக ரீஜெண்டுகளை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதற்கு விடை அந்தக் கணக்கிலேயே கிடைத்துவிடுகிறது.

இது எனக்கு உறுத்துகிறது. ஆளுநரின் பிடி விலகியது நல்லதுதான். அதற்குப் பதிலாக ஒரே அவையின் ஒரே கட்சித் தலைமை எல்லாவற்றையும் முடிவுசெய்வது முழுத் தீர்வாகாது. அவ்வப்போது மக்கள் கோபம் அந்தச் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே வருவதும் உண்டு. காமன் கோர் பாடத்திட்டமும் மாநிலத் தேர்வுகளும் பெற்றோரைக் கொதிக்க வைத்த நேரத்தில், 2015 மார்ச் வாக்கெடுப்பில் பதவியில் இருந்த ரீஜெண்டுகள் இருவர் மறுபடியும் தேர்வாகவில்லை.

தங்களுக்குள் ஒருவரை ரீஜெண்டுகளே வேந்தராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2016இல் பெட்டி ரோசா அந்தப் பொறுப்புக்கு வந்தார், லத்தீன் அமெரிக்க வம்சாவளியிலிருந்து வந்த முதல் வேந்தர் அவர். 2021 ஜனவரியில் லெஸ்டர் யங், முதல் கறுப்பின வேந்தரானார். மாநிலக் கல்வி ஆணையரை நியமிப்பதும் நீக்குவதும் இந்தக் குழுவின் விருப்பம்.

தங்கள் அதிகாரிகள் மீதான இத்தகைய அதிகாரத்தை ஒருமுறை அவர்கள் பயன்படுத்திய விதம் சரித்திரத்தில் பதிந்திருக்கிறது. நூலகங்களில் புத்தகம் அடுக்கும் தசம எண் முறையைத் தந்த மெல்வில் டூயி, ரீஜெண்டுகளின் செயலாளராகவும் மாநில நூலகராகவும் இருந்தவர். அவர் நடத்திய லேக் பிளாசிட் கிளப்பில் யூதர்களுக்கு இடமில்லை என்று எழுதியே வைத்திருந்தார்கள். யூதர்கள் கட்டும் வரியிலும் சம்பளம் வாங்கும் அதிகாரி இப்படிச் செய்யலாமா என்று 1905இல் லூயி மார்ஷல் உள்ளிட்ட யூதப் பிரமுகர்கள் ரீஜெண்டுகளிடம் மனு கொடுத்தார்கள். குழு அவரைப் பதவியிலிருந்து தூக்கவில்லை, பகிரங்கமாகக் கண்டித்தது. அதே ஆண்டில் டூயி ராஜினாமா கடிதம் கொடுத்தார். அவரை நீக்கியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆனாலும் பெரிய மனிதர் என்று பார்க்காமல் வெளிப்படையாகக் கண்டித்ததைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

பல் டாக்டர்களும் ஒரு வெண்மைச் சண்டையும்

மருந்திலிருந்து பாலம் வரை எல்லாத் தொழிலும் 17 பேருக்கும் தெரிந்திருக்காது. எனவே ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு மாநில வாரியம் இருக்கிறது. ஆணையர் பெயர்களைப் பரிந்துரைக்கிறார், ரீஜெண்டுகள் நியமிக்கிறார்கள். நர்சிங் வாரியத்தில் குறைந்தது 15 பேர் இருக்க வேண்டும் என்றும், அவர்களில் 11 பேர் பதிவுபெற்ற நர்ஸ்கள், 4 பேர் ‘எல்பிஎன்’ எனப்படும் உதவி நிலை நர்ஸ்கள் என்றும் சட்டமே சொல்கிறது. அந்தத் தொழிலைச் சேராத பொதுமக்கள் பிரதிநிதியும் வாரியங்களில் இருப்பார். இந்த வாரியங்களின் வேலை ஆலோசனை சொல்வதும் விசாரணையில் உட்காருவதும். முடிவெடுக்கும் அதிகாரம் ரீஜெண்டுகளிடமும் கல்வித்துறையிடமும்தான்.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் நிலைமை தலைகீழ். தொழில் செய்பவர்களே வாரியத்தில் பெரும்பான்மையாக உட்கார்ந்து, தங்களுக்குப் போட்டியாக யார் வரலாம் என்று தாங்களே முடிவுசெய்வார்கள். வட கரோலினாவில் அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள். பல் டாக்டர் அல்லாதவர்கள் வணிக வளாகங்களில் குறைந்த காசுக்குப் பற்களை வெண்மையாக்கிக் கொடுத்தார்கள். பல் டாக்டர்கள் நிறைந்த மாநில வாரியம், தொழிலை நிறுத்து என்று அவர்களுக்குக் கடிதம் அனுப்பியது. இது போட்டியை நசுக்கும் செயல் என்று மத்திய வர்த்தக ஆணையம் வழக்காடியது. 2015 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் ஆணையத்தின் பக்கம் நின்றது. தொழில் செய்பவர்களே ஆதிக்கம் செலுத்தும் வாரியத்துக்கு மேலே அரசின் உண்மையான மேற்பார்வை இல்லையென்றால், போட்டிச் சட்டத்திலிருந்து விலக்குக் கிடையாது என்றது தீர்ப்பு.

நியூயார்க்கில் அந்த மேற்பார்வை 1890களிலேயே கட்டமைப்பில் பதிந்துவிட்டது. தொழில் தெரிந்தவர் ஆலோசனை சொல்ல, தொழிலில் லாபம் இல்லாதவர் முடிவெடுக்கிறார். ஆள் தேர்வில் எத்தனை குறை இருந்தாலும் இந்த ஒரு காரணத்துக்காக நான் இந்த முறையின் பக்கம் நிற்பேன்.

“நீ இந்த நாட்டவன் இல்லை”

லைசென்ஸுக்குப் படிப்பும் தேர்வும் போதுமா, குடியுரிமையும் வேண்டுமா? இந்தக் கேள்வியில்தான் நம் ஊர் ஆட்கள் நேரடியாக வருகிறார்கள்.

1979இல் ‘ஆம்பாக் எதிர் நார்விக்’ வழக்கில் உச்ச நீதிமன்றம், குடியுரிமை கேட்காத வெளிநாட்டவருக்கு ஆசிரியர் சான்றிதழை மறுக்கும் நியூயார்க் சட்டத்தை 5-4 என்று ஏற்றுக்கொண்டது. பள்ளி ஆசிரியர் குடிமக்களை உருவாக்குபவர் என்பது அதற்குச் சொன்ன காரணம். சரி, பார்மசிஸ்ட்? நியூயார்க் சட்டம் அவருக்கும் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு வேண்டும் என்றது. எச்-1பி போன்ற வேலை விசாவில் வந்து, தற்காலிக விலக்கில் ஏற்கெனவே அங்கே மருந்துக்கடைகளில் வேலை பார்த்துவந்த பார்மசிஸ்ட்கள், அந்த விலக்குக் காலம் முடிந்து லைசென்ஸ் பறிபோகும் நிலைக்கு வந்தபோது வழக்குப் போட்டார்கள். வழக்கின் தலைப்பில் எதிர்த்தரப்பாக நின்ற பெயர் அன்றைய வேந்தர் மெரில் டிஷ்.

2012 ஜூலையில் இரண்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சட்டப்பிரிவு செல்லாது என்று தீர்த்தது. தற்காலிக விசா என்ற பெயர் இருந்தாலும் இவர்கள் ஆண்டுக்கணக்கில் இங்கே வாழ்கிறார்கள், வரி கட்டுகிறார்கள், பலர் கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்கிறார்கள் என்று நீதிபதிகள் பார்த்தார்கள். நாட்டுக்குள் வேலை செய்ய மத்திய அரசு அனுமதித்த ஒருவரை, குடியுரிமை நிலையைக் காட்டி மாநிலம் ஒதுக்கக்கூடாது. இந்திய கிரீன் கார்டு வரிசை எவ்வளவு நீளம் என்று தெரிந்த குடும்பங்களுக்கு இந்தத் தீர்ப்பின் அருமை விளக்க வேண்டியதில்லை.

டாக்டர்கள் விஷயத்தில் சட்டத்தின் எழுத்து வேறு மாதிரி. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாத டாக்டருக்கு, டாக்டர் பற்றாக்குறை என்று அறிவிக்கப்பட்ட பகுதியில் வேலை பார்க்க மூன்றாண்டு விலக்கு உண்டு. அதற்குமேல் ஆறு ஆண்டுவரை நீட்டிக்கும் அதிகாரம் ரீஜெண்டுகளுக்கு. ஒப்புதல் பட்டியலில் ஒற்றை வரியாகக் கடந்துபோகும் மனுவுக்குப் பின்னால் எங்கோ ஒரு சிற்றூர் மருத்துவமனையும், விசா தேதியை எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு குடும்பமும் இருக்கும்.

2016 மே மாதம் ரீஜெண்டுகள் தாங்களாகவே ஒரு படி முன்னே போனார்கள். குழந்தைப் பருவத்தில் ஆவணமின்றி அழைத்து வரப்பட்டு, ‘டாகா’ திட்டத்தில் பாதுகாப்புப் பெற்ற இளைஞர்கள் ஆசிரியர் சான்றிதழும் தொழில் லைசென்ஸும் பெற விதியைத் திருத்தினார்கள். அமெரிக்கப் பள்ளியிலேயே படித்துத் தேறிய பிள்ளையிடம் ‘உனக்கு வேலை இல்லை’ என்று சொல்வது என்ன நியாயம்? அந்தக் கேள்விக்கு அவர்கள் சரியாகப் பதில் சொன்னார்கள்.

பறிபோனது திரும்புமா

லைசென்ஸ் என்பது அங்கே ஆயுளுக்கும். தொழில் செய்ய ‘ரெஜிஸ்ட்ரேஷன்’ மட்டும் பெரும்பாலான தொழில்களில் மூன்றாண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். எனவே ஆயுள் லைசென்ஸைப் பறிப்பது பெரிய தண்டனை, அதற்கு நீண்ட வழிமுறை வைத்திருக்கிறார்கள். புகார் வந்தால் விசாரணை, பிறகு சமரச ஆணை அல்லது முறையான விசாரணைக் குழு. அந்தக் குழுவில் குறைந்தது இருவர் அந்தத் தொழிலின் வாரியத்தைச் சேர்ந்தவர்கள், ஒருவராவது பொதுமக்கள் பிரதிநிதி. அடுத்து மூவர் கொண்ட மறுஆய்வுக் குழு, அதில் ஒருவராவது ரீஜெண்ட். கடைசியில் முழுக் குழுவின் வாக்கு. கண்டனம், ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் 10,000 டாலர் வரை அபராதம், இடைநீக்கம், பறிப்பு என்று தண்டனைகள். யார் மீது என்ன நடவடிக்கை என்பதைப் பெயரோடு வெளியிடுகிறார்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். லைசென்ஸ் இல்லாமல் தொழில் செய்வது நான்காண்டு வரை சிறை கிடைக்கும் குற்றம்.

டாக்டர்களின் தவறுகளை விசாரிப்பது மட்டும் சுகாதாரத் துறை. ஆனால் பறிபோன லைசென்ஸைத் திரும்பக் கேட்க அந்த டாக்டர் ரீஜெண்டுகளிடம்தான் வரவேண்டும். பொதுவாக மூன்று ஆண்டாவது கழிந்திருக்க வேண்டும். அதே தொழிலைச் சேர்ந்தவர்கள் குழு அவரை நேரில் உட்காரவைத்துக் கேட்கும். செய்ததற்கு மனம் வருந்துகிறாரா, தன்னைத் திருத்திக்கொள்ள என்ன செய்தார், இடைக்காலத்தில் மறுபடி படித்தாரா என மூன்றையும் நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது.

இன்றைய தாமதம்

செவிலியர் படிப்பு முடித்த தமிழ்நாட்டுப் பெண் நியூயார்க் லைசென்ஸுக்கு விண்ணப்பித்தால், அவருடைய கல்லூரிச் சான்றுகளும் நர்சிங் கவுன்சில் பதிவும் முதலில் சரிபார்ப்பு அமைப்புக்குப் போகும். அது முடிந்து ‘என்கிளெக்ஸ்’ தேர்வு. குழந்தை வதையை அடையாளம் காண்பது, நோய்த்தொற்றுத் தடுப்பு ஆகியவற்றில் கட்டாயப் பயிற்சி வேறு. ஒவ்வொரு காகிதமும் இன்னொரு அலுவலகத்தின் வேகத்தை நம்பியிருக்கிறது. ஆல்பனியில் கோப்புகள் தேங்குகின்றன, போன் எடுப்பதில்லை, கணினி முறை பழையது என்ற புகார் கொரோனாவுக்குப் பிந்தைய ஆண்டுகளில் பலமாக எழுந்தது.

இதைக் காட்டி ஆளுநர் தரப்பு களத்தில் இறங்கியது. சுகாதாரத் தொழில்களின் லைசென்ஸைக் கல்வித்துறையிடமிருந்து பிடுங்கிச் சுகாதாரத் துறைக்குக் கொடுக்கும் திட்டத்தை ஆளுநர் கேத்தி ஹோக்குல் தன் பட்ஜெட்டில் வைத்தார். சட்டமன்றம் ஏற்கவில்லை. நானும் அதை ஏற்கமாட்டேன். மருத்துவமனைகளுக்கு ஆள் கிடைக்க வேண்டும் என்ற நெருக்கடியில் இருக்கும் துறையே லைசென்ஸும் கொடுத்தால், அவசரம் தகுதியைத் தின்றுவிடும். ஆனால் ரீஜெண்டுகள் இந்த வாதத்தைச் சொல்லிக்கொண்டே கோப்புகளைத் தேங்கவிட்டால் அவர்களுக்காக வாதாட யாரும் இருக்கமாட்டார்கள். விண்ணப்பங்கள் சராசரியாக எத்தனை நாள் காத்திருக்கின்றன என்பதை ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் விஷயமாக வைத்து அவர்கள் கேட்க வேண்டும்.

அடுத்த சண்டை நர்ஸ் லைசென்ஸ் ஒப்பந்தம். 40க்கும் மேற்பட்ட அமெரிக்க மாநிலங்களும் பகுதிகளும் ஒன்றின் லைசென்ஸை மற்றவை ஏற்கும் உடன்பாட்டில் சேர்ந்துவிட்டன. நியூயார்க் வெளியே நிற்கிறது. டெக்சாஸில் பத்தாண்டு வேலை பார்த்த நர்ஸும் கணவருக்கு மாற்றல் வந்து நியூயார்க் நகரின் குயின்ஸுக்குக் குடிபெயர்ந்தால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இங்கே தொழிற்சங்கங்கள் ஒப்பந்தத்தை எதிர்க்கின்றன, மருத்துவமனைகள் ஆதரிக்கின்றன. முடிவு சட்டமன்றத்தின் கையில்.

நியூயார்க் மருத்துவமனைகளிலும் மருந்துக்கடைகளிலும் வெளிநாட்டில் படித்தவர்கள் இத்தனை பேர் இருக்கும்போது, நர்சிங், பார்மசி வாரியங்களில் அப்படிப் படித்து வந்தவர்களுக்கு எப்போதும் இடம் இருந்தாக வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரியின் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தவுடன் எது என்ன பாடம் என்று சொல்லத் தெரிந்தவர் ஒருவர் உள்ளே இருந்தால் எத்தனை கோப்புகள் நகரும்! அதற்குத் தடையாகச் சட்டத்தில் எதுவும் இல்லை. நியூயார்க் லைசென்ஸோடு தொழில் செய்யும் நம் ஆட்களும் அவர்களுடைய சங்கங்களும் வாரிய இடங்களுக்குப் பெயர் கொடுக்கத் தொடங்க வேண்டும். ரீஜெண்டுகள் கொண்டுவரும் புதிய விதிகள் அரசிதழில் வெளியாகி, பொதுமக்கள் கருத்துக்காக 60 நாள் திறந்திருக்கும். அந்தக் கடிதத்தை எழுதக் குடியுரிமையும் கிரீன் கார்டும் தேவையில்லை.